ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 30 யூரோ: கூடாரம் எங்கே போடுவது, சோற்றுக்கு என்ன செய்வது

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நானும் நண்பனும் ஜூன் கடைசியில் கிளம்பி 45 நாள் ஐரோப்பா சுற்றலாம் என்றிருக்கிறோம். பத்து நாடாவது பார்க்க வேண்டும். சைக்கிளா ரயிலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 யூரோதான் ஒதுக்க முடியும். கூடாரம் எடுத்துப்போய் காட்டிலும் ஆற்றோரத்திலும் தூங்கினால் செலவு மிச்சமாகுமா? நான் சைவம். வழியில் சமைத்துச் சாப்பிட முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் அந்த 30 யூரோ போதுமானதாக இருக்க வேண்டும் என்றால் இரண்டு ஆசைகளை விட வேண்டும். பத்து நாடு என்பது ஒன்று, காட்டில் தூங்குவது என்பது இன்னொன்று.

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து எனக்கு 11 ஆண்டுகள் ஆகின்றன. இதில் ஆறு கோடை விடுமுறைகளை நானும் என் வீட்டுக்காரரும் கூடாரத்திலேயே கழித்திருக்கிறோம். முதல் பயணத்தில் நாங்களும் உங்களைப் போலத்தான் நினைத்தோம், தூங்குகிற இடம் சும்மா கிடைத்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும் என்று. ஊருக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தால் கையைக் கடித்தது வேறு இரண்டு இடங்கள். நாடு விட்டு நாடு தாவியதற்கான ரயில், பஸ் கட்டணம் முதலாவது. பசி வந்த பிறகு சாப்பாடு தேடியது இரண்டாவது. இரவு எட்டு மணிக்கு, சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கத்தில், கிடைத்ததைச் சாப்பிட்ட நாட்களில் ஒரு வேளைக்கே ஆளுக்கு 25 யூரோ போயிருந்தது. கூடாரத்துக்குக் கொடுத்த வாடகை அதற்குப் பக்கத்திலேயே வரவில்லை.

ஆகவே முதலில் வழியைத் தீர்மானியுங்கள். என் யோசனை, சைக்கிளில் இரண்டு ஆறுகள். பிரான்ஸில் நாந்த் நகரில் தொடங்கி லுவார் ஆற்றின் கரையோடு ஆன்ஜே, சோமூர், தூர், புளுவா வழியாக ஓர்லேயான் வரை 12, 13 நாள். அங்கிருந்து பாரிஸுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பாரிஸிலிருந்து ஜெர்மனிக்கு வந்து, டான்யூப் ஆறு தொடங்கும் டோனாவெஷிங்கனில் இருந்து ஊல்ம், ரேகன்ஸ்பூர்க், பாசாவ், லின்ஸ், வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்ட். இந்த இரண்டாம் பகுதி சுமார் 1,200 கிலோமீட்டர். ஆறு போகும் திசையிலேயே போவதால் பெரிய ஏற்றங்கள் குறைவு. லுவாரில் மட்டும் ஆறு மேற்கே ஓடும், நீங்கள் கிழக்கே போவீர்கள். அது பரவாயில்லை, அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் உங்கள் முதுகில்தான் அடிக்கும். இரண்டு கரைகளும் யூரோவெலோ 6 என்கிற நீண்ட சைக்கிள் பாதையின் பகுதிகள், வழிகாட்டிப் பலகைகள் நன்றாக இருக்கும். ஐந்து நாடுகள் வந்துவிடும். பத்து நாடுகளின் ரயில் நிலையங்களைப் பார்ப்பதைவிட இது நிறைவாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சைக்கிளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் பணம்தான். மலிவான கூடாரத் தளங்கள் பெரிய ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. 3,000 பேர் வசிக்கிற சிற்றூர்களில், ஆற்றோரத்தில், பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும். பழைய சைக்கிள் ஒன்று 150 முதல் 250 யூரோவுக்குள் வாங்கி, முடிவில் கிடைத்த விலைக்கு விற்றுவிடலாம். ரயிலில் சைக்கிளை ஏற்ற வேண்டிய நாட்களுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள். வேக ரயில்களில் சைக்கிள் இடங்கள் மிகக் குறைவு.

சரி, காட்டில் தூங்குவது பற்றி. ஐரோப்பா முழுவதும் ஒரே சட்டம் இல்லை. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, வேலியிட்ட பயிர்நிலம் அல்லாத திறந்தவெளியில் யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதானால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டும். ஸ்வீடன், பின்லாந்து ஆகியவற்றிலும் இதே மரபு உண்டு. ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. எஸ்டோனியாவில் அரசு வனத்துறையே இலவசத் தளங்கள் வைத்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், நார்வேயில் தூக்கத்தில் மிச்சம் பிடித்ததைக் கடையில் ரொட்டிக்கும் தக்காளிக்கும் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் வழியில் இருக்கும் நாடுகளில் அந்த உரிமை இல்லை. ஜெர்மனியில் காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது குற்றம், அபராதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வியன்னாவைத் தாண்டியதும் வரும் டோனாவ்-ஆவென் தேசியப் பூங்காவில் கண்டபடி கூடாரம் போட முடியாது. லுவார் ஆற்றின் நடுவே வெள்ளை மணல் திட்டுகள் உங்களைக் கூப்பிடுவது போலவே இருக்கும். கோடையில் அந்தத் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன, பல திட்டுகளில் கால் வைக்கவே தடை. பார்க்க அமைதியான அந்த ஆற்றில் சுழலும் புதைமணலும் உண்டு, இறங்கிக் குளிக்கவும் வேண்டாம்.

இதில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் யோசிக்க இன்னொன்றும் இருக்கிறது. இங்குள்ள இளைஞன் ஒருவன் காட்டில் மாட்டினால் அபராதம் கட்டிவிட்டுப் போவான். நீங்கள் இன்னொரு முறை விசாவுக்கு நிற்கப்போகிறவர்கள். நள்ளிரவில் டார்ச் அடித்து எழுப்பும் வனக்காவலரிடம் கடவுச்சீட்டை நீட்டுவது, மிச்சமாகும் எட்டு யூரோவுக்குத் தகுந்த விலை இல்லை. அதோடு, ஒளிந்து தூங்குகிறவன் தூங்குவதில்லை. நாங்கள் ஒரே ஒரு முறை, மழையில் வழி தவறி, வயலோரத்தில் அப்படிப் படுத்தோம். இரவு முழுக்க ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தோம். மறுநாள் 20 கிலோமீட்டர்கூட ஓட்ட முடியவில்லை.

அவசரமானால் ஒளியாதீர்கள், கேளுங்கள். பண்ணை வீட்டின் கதவைத் தட்டி, ஒரு இரவு மட்டும், காலையில் போய்விடுவோம் என்று சொன்னால், சொந்த நிலத்தில் இடம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு நான்கு முறை கேட்டதில் மூன்று முறை கிடைத்தது, ஒரு முறை சூடான சூப்பும் வந்தது. சைக்கிள்காரர்களை வீட்டில் இலவசமாகத் தங்கவைக்கும் வார்ம்ஷவர்ஸ் என்ற அமைப்பும் உண்டு. பெல்ஜியத்தில் 2020-இல் தொடங்கிய வெல்கம் டு மை கார்டன் என்ற தளத்தில் வீட்டுத் தோட்டத்தில் இடம் தருகிறவர்களைத் தேடலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிரான்ஸில் 'காம்பிங் முனிசிபால்' என்று ஒன்று இருக்கிறது, அதாவது ஊராட்சி நடத்தும் கூடாரத் தளம். நீச்சல் குளம், பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று நாலு நட்சத்திரத் தளங்கள் இரவுக்கு 40 யூரோ கேட்கிற அதே பகுதியில், இந்த ஊராட்சித் தளத்தில் இரண்டு பேர், ஒரு கூடாரம், கார் இல்லை என்றால் நாங்கள் கொடுத்தது 12 முதல் 18 யூரோ வரை. ஆளுக்கு ஆறிலிருந்து ஒன்பது. அதற்குள் சுடுதண்ணீர்க் குளியல், பாத்திரம் கழுவும் தொட்டி, பெரும்பாலும் ஒரு கூரைபோட்ட மேசை. நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்குத் தனிக் குறைந்த கட்டணம் பல இடங்களில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். 'ஆக்கேய் வேலோ' என்ற பலகை உள்ள தளங்கள் சைக்கிள்காரர்களை ஒரே ஒரு இரவுக்கும் ஏற்றுக்கொள்ளும்.

அந்தத் தளங்களின் மாலை நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜூலையில் இருட்ட இரவு பத்து மணியாகும். வரவேற்பறை மதியம் மூடியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். நல்ல புல்தரையாகப் பார்த்துக் கூடாரம் போட்டுவிட்டு உட்காருங்கள் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். மாலை ஆறு, ஏழு மணிக்கு ஊராட்சி ஊழியர் ஒருவர் சில்லறைப் பெட்டியும் ரசீது புத்தகமுமாக வந்து ஒவ்வொரு கூடாரமாகப் பணம் வாங்குவார். அதனால் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். அந்த ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். எங்கே தங்கினீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

ஜெர்மனியில் விலை ஒரு படி கூடும், எங்களுக்கு ஆளுக்கு 11 முதல் 15 யூரோ ஆனது. குளிக்கத் தனியாக 50 சென்ட், ஒரு யூரோ நாணயம் போடச் சொல்லும் இடங்களும் உண்டு. டான்யூப் கரையில் படகு கிளப்புகள் பல தங்கள் புல்வெளியில் சைக்கிள்காரர்களைக் கூடாரம் போட விடுகின்றன, அவை வழக்கமான தளங்களைவிட மலிவு. ஆஸ்திரியா இன்னும் கொஞ்சம் அதிகம். ஸ்லோவாக்கியா, ஹங்கேரி மீண்டும் குறையும். வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் மட்டும் கூடாரத்துக்கு அடம் பிடிக்காமல் விடுதியில் ஒரு படுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தை நடந்து பார்க்கலாம், துணி துவைக்கலாம்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் தங்கலாம், உங்கள் 45 நாள் அதற்குள் அடங்கும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு நேர்காணல் நேரமே கிடைக்காமல் போகும், எனவே மார்ச்சிலேயே பாருங்கள். அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். தங்குமிடச் சான்று கேட்பார்கள். கூடாரத் தளங்களும் மின்னஞ்சலில் முன்பதிவு உறுதி அனுப்பும், எழுதிக் கேளுங்கள். பெரிய ஊர்களில் விடுதி, நடுவில் இந்தத் தளங்கள் என்று நாள்வாரியாக ஒரு பட்டியலும், இது சைக்கிள் பயணம் என்று விளக்கும் கடிதமும் வையுங்கள். போலி முன்பதிவு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. இதில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். வெளியே சாப்பிடுவதானால் மதியம் சாப்பிடுங்கள், இரவு சமையுங்கள். மத்திய ஐரோப்பாவில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று வாரநாட்களில் மட்டும் ஒரு மதிய உணவு போடுவார்கள். ஸ்லோவாக்கியாவில் அதற்கு 'தென்னே மெனு' என்று பெயர், ஹங்கேரியில் 'நபி மெனு', ஆஸ்திரியாவில் 'மிட்டாக்ஸ்மெனு'. பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், முதலில் ஒரு கிண்ணம் சூப், பிறகு ஒரு தட்டு. பிராட்டிஸ்லாவாவில் நாங்கள் ஏழெட்டு யூரோவுக்குச் சாப்பிட்டு, இரவுவரை பசி இல்லாமல் ஓட்டியிருக்கிறோம். அதே கடையில் மாலையில் மெனு அட்டையைப் பார்த்துச் சாப்பிட்டால் இரண்டு மடங்கு. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறதா, உள்ளே வேலை உடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் நுழைந்துவிடலாம்.

சைவக்காரருக்கு என்ன கிடைக்கும்? ஹங்கேரியில் 'ஃபெஸெலேக்' என்று கேளுங்கள். பட்டாணி, பருப்பு, கீரை, உருளை, பூசணி என ஏதாவது ஒன்றை வேகவைத்துக் கெட்டியாக்கித் தருவார்கள். நம் கூட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்வேன், தேங்காய்க்குப் பதில் மாவும் புளித்த பாலேடும். முதல் முறை புடாபெஸ்டில் பருப்பு ஃபெஸெலேக்கை வாயில் வைத்ததும் வீட்டு நினைவு வந்துவிட்டது எனக்கு. மேலே இறைச்சித் துண்டு வைத்துத் தருவது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஊல்ம் பக்கத்தில் பருப்பும் ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டமும் சேர்ந்த தட்டு பிரபலம். ஆனால் அந்தப் பருப்பில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு போட்டிருப்பார்கள். பாலாடைக்கட்டி சேர்த்த கேஸெஷ்பெட்ஸ்லேயில் பொதுவாக இறைச்சி இருக்காது, ஆனால் ஷ்பெட்ஸ்லே மாவில் முட்டை உண்டு. ஸ்லோவாக்கியாவின் ஹலுஷ்கி என்ற உருளைக்கிழங்கு மாவுப் பண்டம் மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளோடு வரும், அதில்லாமல் கேட்கலாம். முட்டை சாப்பிடுவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவதானால் பிரான்ஸில் எந்தச் சிற்றூரிலும் ஆம்லெட் போட்டுத் தருவார்கள். சாப்பிடமாட்டீர்கள் என்றால் பிரான்ஸில் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு கிழக்கே போனதும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பல கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆனவை. கண்டிப்பான சைவம் என்றால் இதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பிரான்ஸில் உணவகத்தில் குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். ஜெர்மனியில் அப்படி இல்லை, தண்ணீருக்கும் காசு.

கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லிடில், ஆல்டி, பென்னி போன்ற மலிவுக் கடைகள் உங்கள் வழி நெடுக இருக்கும். ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறு அன்று எல்லாம் மூடியிருக்கும். மதப் பண்டிகைகளிலும் அப்படித்தான். ஒரு ஜூன் மாதம் தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வியாழக்கிழமை காலை சாமான் தீர்ந்துபோய்க் கடைக்குப் போனோம். ஊரே அடைத்திருந்தது. ஃப்ரோன்லைக்னாம் என்ற கத்தோலிக்கப் பண்டிகையாம், அது எப்போதும் வியாழனில்தான் வரும். இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் அவலும்தான் இருந்தன. 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் மூன்று மடங்கு விலைக்கு ரொட்டி வாங்கினோம். அன்றிலிருந்து கிளம்பும் முன்பே வழியில் இருக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விடுமுறைகளையும் எழுதிவைத்துக்கொள்கிறோம். உங்கள் தேதியில் பிரான்ஸில் ஜூலை 14 தேசிய விடுமுறை வரும். ஆகஸ்ட் 15 வரை இழுத்தால் அது பிரான்ஸ், ஆஸ்திரியா, பவேரியாவின் பெரும்பாலான ஊர்களில் இடிக்கும். பவேரியாவில் கடைகள் மாலை எட்டு மணிக்கே மூடும். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாளுக்கு வாங்கிவிட வேண்டும். தவறவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி.

அதே மாலை நேரத்தில் ஒரு லாபமும் உண்டு. அன்றோடு தேதி முடியும் தயிர், பன்னீர் மாதிரியான பாலாடைக்கட்டி, வெட்டிய காய்கறி, ரொட்டி ஆகியவற்றில் 30, 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இன்றிரவே சமைக்கப்போகிற உங்களுக்கு அது போதும். ஜெர்மனியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு விலையோடு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு முதலில் அடுப்பு. இதில் எல்லாரும் ஒரு முறை ஏமாறுவார்கள். எரிவாயு டப்பாவை விமானத்தில் கொண்டுவரவே முடியாது, இங்கேதான் வாங்க வேண்டும். டப்பாக்களில் இரண்டு வகை. திருகி மாட்டுவது ஒன்று, அழுத்திச் சொடுக்கி மாட்டுவது இன்னொன்று. பிரான்ஸின் சிற்றூர்களில் நீல நிறக் காம்பிங்காஸ் டப்பாதான் சுலபமாகக் கிடைக்கும், அது சொடுக்கு வகை. இந்தியாவில் விற்கும் சின்ன அடுப்புகள் பெரும்பாலும் திருகு வகை. நாந்தில் இறங்கியதும் டெகத்லான் போன்ற கடையில் இரண்டு மூன்று டப்பா வாங்கிக்கொண்டால் சிக்கல் இல்லை. எங்கள் அனுபவத்தில் 230 கிராம் டப்பா ஒன்று இரண்டு பேருக்கு ஐந்தாறு நாள் வந்தது. ஸ்பிரிட் அடுப்பு இன்னும் மலிவு. பிரான்ஸில் 'அல்கோல் ஆ ப்ரூலே' என்றும் ஜெர்மனியில் 'ப்ரென்ஸ்பிரிடுஸ்' என்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எரிகிறதா என்று தெரியாமல் ஸ்பிரிட் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வறட்சிக் காலத்தில் தீத்தடை போட்டிருந்தால் எந்தச் சுடரும் கூடாது, தளத்தின் பலகையைப் படியுங்கள்.

துவரம்பருப்பை மறந்துவிடுங்கள். குக்கர் இல்லாமல் வேகாது, வெந்தாலும் அதற்குள் பாதி டப்பா தீர்ந்துவிடும். சிவப்பு மைசூர்ப் பருப்பு இங்கே எல்லாக் கடையிலும் உண்டு, 12 நிமிடத்தில் குழைந்துவிடும். அரிசியைக் கூடாரம் போடும்போதே ஊறவையுங்கள். அரை மணி ஊறியதும் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கி, மூடியோடு துண்டில் சுற்றி, தூங்கும் பைக்குள் வைத்துவிடுங்கள். இருபது நிமிடத்தில் தன் சூட்டிலேயே சோறு பதமாகியிருக்கும். அதற்குள் அதே அடுப்பில் பருப்பு தயார். பருப்பில் தக்காளி, மஞ்சள், உப்பு. கடைசியில் கரண்டியில் எண்ணெய் காயவைத்துக் கடுகு, சீரகம், மிளகாய். பக்கத்துக் கூடாரத்துக்காரர் என்ன வாசனை என்று கேட்டு வருவார். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் நட்பு அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

பிரான்ஸில் இருக்கும்வரை உங்களுக்குக் கைகொடுக்கப்போவது கூஸ்கூஸ். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பிரெஞ்சு வீடுகளில் குடியேறிவிட்ட ரவை அது. அரை கிலோ ஒரு யூரோ சில்லறைக்கே கிடைக்கும். வெந்நீரை ஊற்றி மூடினால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், கிளறக்கூட வேண்டாம். வெங்காயம், பச்சைப் பட்டாணி தாளித்து அதில் கொட்டினால் உப்புமாதான். டப்பாவில் வரும் கொண்டைக்கடலை ஒரு யூரோவுக்குள். தயிருக்கு ஜெர்மனியில் 'நட்டூர்யோகுர்ட்' அரை கிலோ டப்பா, மோருக்கு 'புட்டர்மில்ஷ்'. வெயிலில் ஓட்டிவிட்டு வந்து அரை லிட்டர் புட்டர்மில்ஷில் உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள். ஜூலையில் ஆஸ்திரியாவின் மெல்க்கிலிருந்து க்ரெம்ஸ் போகும் வாக்காவ் பள்ளத்தாக்கில் சாலையோரமெல்லாம் பாதாமி பழம் (ஆப்ரிகாட்) விற்பார்கள். அங்கே மட்டும் கணக்குப் பார்க்காமல் ஒரு கிலோ வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்? பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், அவல். இவ்வளவு போதும். அவலை ஊறவைத்துப் புளிக்காய்ச்சல் பிசைந்தால் அடுப்பே வேண்டாம், மழை பெய்யும் இரவுகளுக்கு அதைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்புகள் எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் சார்ந்த பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெரும்பாலான பச்சைக் காய்கறி, பழங்களுக்குச் சுகாதாரச் சான்று வேண்டும்.

பயணத்தின் நடுவில் பொடி தீர்ந்துபோகும். அதனால்தான் பாரிஸ் வழியாகப் போகச் சொன்னேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதி. ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. கறிவேப்பிலை, அப்பளம், ஊறுகாய், பெயர்ப்பலகைகளில் தமிழ் எல்லாம் இருக்கும். இரண்டு வாரம் கூஸ்கூஸ் சாப்பிட்டவருக்கு அங்கே ஒரு மரக்கறிச் சாப்பாடு என்ன செய்யும் என்பதை நேரில்தான் உணர வேண்டும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் போகும் ரயில் புறப்படும் கார் து லெஸ்ட் நிலையத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

கூடாரத்தில் விலையைவிடத் தரை விரிப்பைக் கவனியுங்கள். ஆற்றோரம் ஜூலையிலும் சில நாள் அதிகாலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் ஏறும். தூங்கும் பை ஐந்து டிகிரிவரை தாங்குவதாக இருக்கட்டும். பனி விழுந்து வெளிக்கூரை காலையில் நனைந்திருக்கும். ஈரத்தோடு மடித்தால் மதியச் சாப்பாட்டு நிறுத்தத்தில் விரித்து உலர்த்திவிடுங்கள், இல்லையென்றால் மூன்று நாளில் பூஞ்சை நாற்றம்.

உண்ணிக் கடியை லேசாக எடுக்காதீர்கள். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றிலும் உண்ணிகள் லைம் நோயையும் ஒரு வகை மூளைக்காய்ச்சலையும் பரப்புகின்றன. மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். லைமுக்கு உங்களுக்குப் போடத் தடுப்பூசி கிடையாது, கண்ணால் பார்ப்பதுதான் வழி. தினமும் குளித்த பிறகு முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுமடலின் பின்னால் தேடுங்கள். இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் தடவாதீர்கள். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் விரிந்தால் உடனே மருத்துவர். அவசர எண் எல்லா நாட்டிலும் 112.

தண்ணீருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பிரான்ஸின் சிற்றூர்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் போத்தாப்ல்' என்றோ ஜெர்மனியில் 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்றோ எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

இனி உங்கள் 30 யூரோ. தங்கச் சராசரி 8 முதல் 14. மதியச் சாப்பாடு வாரத்தில் நான்கு நாள் என்று வைத்தால் நாளுக்குச் சராசரி 5 அல்லது 6. கடைச் சாமான், இரண்டு பேர் சேர்ந்து சமைப்பதால், ஆளுக்கு 7. எரிவாயு, துணி துவைப்பது, ஒரு காபி என்று 2. இது பிரான்ஸில் 22, 23-இல் நிற்கும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 28, 29 வரை போகும், ஸ்லோவாக்கியா தாண்டியதும் மறுபடி குறையும். இரு நகர விடுதிச் செலவும் பழுதுபார்ப்பும் அந்த மிச்சத்திலிருந்து வரும். சைக்கிள், ரயில், விசா, காப்பீடு இந்தக் கணக்கில் இல்லை, அவற்றுக்குத் தனியாக வையுங்கள்.

தேதி உறுதியானதும் எழுதுங்கள் தம்பி. ஓர்லேயான் வரை நாங்கள் தங்கிய ஊராட்சித் தளங்களின் பெயர்களும், எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை கூடும் என்பதும் என் பழைய நோட்டில் இருக்கின்றன. தேதியைப் பார்த்து நாள்வாரியாக எழுதி அனுப்புகிறேன்.